பழைய மோட்டோ குட்ஸி: என்ன தொல்லை, எங்க பாக்கணும்

இது மோட்டோ குட்ஸிங்கற இத்தாலி பைக்குல 850 டி3-ய மனசுல வச்சு எழுதுறது. 1975-ல வந்த வண்டி, ஆனா 1971 வி7 ஸ்போர்ட்ல ஆரம்பிச்சு லினோ டொன்டி வடிவமைச்ச அதே ஃப்ரேம்ல வந்த லெமான், கலிஃபோர்னியா, 1000 எஸ்.பி எல்லாத்துக்கும் முக்கால்வாசி பொருந்தும். இத்தாலில கோமோ ஏரிக்கரையில மண்டெல்லோ டெல் லாரியோங்கற ஊர்ல செஞ்ச வண்டிங்க, கம்பெனி 1921-ல இருந்து அந்த ஊர்தான். எஞ்சின் கார்கானோங்கற இன்ஜினியர் போட்ட 90 டிகிரி வி-ட்வின், சிலிண்டர் ரெண்டும் டேங்க்குக்கு கீழ ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குப் பின்னாடி ட்ரை கிளட்ச், கியர்பாக்ஸ், அப்புறம் செயினுக்கு பதிலா ஷாஃப்ட்.

இந்த வண்டி வச்சிருக்கறவங்க பணத்த எங்க தொலைக்கறாங்கன்னா, வெளிய இருக்கற சின்ன தொல்லைக்கு எஞ்சின பிரிச்சுதான். பின்னாடி ஆயில் சொட்டுதுன்னா கிராங்க் சீல் போச்சுன்னு முடிவு பண்ணி கியர்பாக்ஸ எறக்கிடறாங்க, மிஸ்ஸிங் அடிச்சா கார்புரேட்டர கழட்டிடறாங்க. அதனால கீழ ஒவ்வொரு தொல்லைக்கும் எத முதல்ல பாக்கணுமோ அத முதல்ல சொல்லியிருக்கேன், அந்த வரிசைய மாத்தாதீங்க.

வருஷக்கணக்கா நின்ன வண்டி, இப்பதான் கைக்கு வந்திருக்கு

செல்ஃப தொடவே தொடாதீங்க. பிளக் ரெண்டையும் கழட்டிட்டு ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விட்டுடுங்க, மறுநாள் டாப் கியர்ல போட்டு பின் வீல கையால சுத்திப் பாருங்க, ஈசியா சுத்துதான்னு. பழைய ஆயில எறக்கி ஒரு வெள்ளத் துணியில வடிகட்டிப் பாருங்க (ஏன்னு புகை பகுதியில சொல்றேன், அது ரொம்ப முக்கியம்). டேங்க்ல பழைய பெட்ரோல் வார்னிஷ் ஆகியிருக்கும், அத கார்புரேட்டருக்கு விட்டுடாதீங்க. பிரேக் ஹோஸ் ரப்பர் வெளிய நல்லா இருந்தாலும் உள்ள உப்பிப் போயிருக்கும், மாத்திடுங்க. டயர்ல பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பக்கத்துல இருக்கற டி.ஓ.டி நம்பரோட கடைசி நாலு எண்ணப் பாருங்க, அதுதான் எந்த வாரம் எந்த வருஷம்னு சொல்லும். 2000-க்கு முன்னாடி டயர்னா மூணு எண்தான் இருக்கும், அப்ப பாக்கவே வேணாம், தூக்கிப் போட்டுடுங்க.

செல்ஃப் அமுக்கினா "டிக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான்

எல்லாரும் பேட்டரிய குறை சொல்லுவாங்க. மல்டிமீட்டர எடுத்து பேட்டரி ரெண்டு முனையிலயும் வச்சுகிட்டு செல்ஃப அமுக்குங்க. வோல்ட் ஒன்பதரைக்கு கீழ விழுந்தா பேட்டரிதான். விழாம பன்னெண்டுக்குப் பக்கத்துலயே நின்னுச்சுன்னா கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவே இல்லன்னு அர்த்தம். அப்ப மொதல்ல பாக்க வேண்டியது எர்த் கேபிள், கியர்பாக்ஸ் பக்கம் போல்ட்டுல மாட்டியிருக்கும், அதக் கழட்டி கம்பி பிரஷ் போட்டு பளபளன்னு தேச்சு திரும்ப மாட்டுங்க. அப்புறம் பேட்டரி பிளஸ்ல ஒரு கம்பி, ஸ்டார்ட்டர் போல்ட்டுல ஒரு கம்பி வச்சு செல்ஃப் அடிக்கும்போது அளந்து பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த கேபிள்லயோ அதோட முனையிலயோ தொல்லை இருக்கு.

ரெண்டும் சரியா இருந்தும் டிக் மட்டும்தான் வருதுன்னா சாலனாய்டுக்கு (ஸ்டார்ட்டர் மேல இருக்கற காந்த சுவிட்ச்) போற சின்ன ஒயர்தான் சந்தேகம். சாலனாய்டு மொதல் நொடியில நெறைய கரண்ட் இழுக்கும், அது சாவி சுவிட்ச், பட்டன்னு சுத்தி வர்றதுக்குள்ள வோல்ட் குறைஞ்சு போயிடும், அம்பது வருஷப் பழைய சுவிட்ச்ல கேக்கவே வேணாம். பேட்டரில இருந்து ஃபியூஸோட நேரா ஒரு ஒயர் இழுத்து நடுவுல ஒரு நல்ல ரிலே (சின்ன கரண்ட்ல இயங்கி பெரிய கரண்ட விடற சுவிட்ச்) போட்டு, பழைய ஒயர ரிலேய இயக்க மட்டும் விட்டுட்டா சுவிட்சும் தப்பிக்கும், வண்டியும் ஒரே அமுக்குல எடுக்கும். இந்த வண்டிகளுக்கு செய்யற செலவுலயே அதிகம் பலன் தர்றது இதுதான்னு எனக்குத் தோணுது.

இதோட சேத்து ஃபியூஸ் பாக்ஸையும் பாத்துடுங்க. ரெண்டு பக்கமும் கூம்பா இருக்கற அந்தக் காலத்து பீங்கான் ஃபியூஸ். முனையில பச்சையா உப்பு பூத்துடும், ஃபியூஸ் போகாமலே கரண்ட் போகாது. மேடு பள்ளத்துல லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியறதுக்கு பெரும்பாலும் இதான் காரணம். பிளேடு ஃபியூஸ் பாக்ஸ் ஒண்ணு வாங்கி மாத்திடுங்க.

பேட்டரி சார்ஜ் ஏறல

ஆல்டர்னேட்டர் போஷ், கிராங்க் முன் முனையில நேரா உக்காந்திருக்கும், 14 வோல்ட் 20 ஆம்ப். சாவி போட்டதும் சார்ஜ் லைட் எரியுதான்னு பாருங்க. எரியலன்னா பல்ப மாத்துங்க, ஏன்னா அந்த பல்ப் வழியா போற சின்ன கரண்ட்தான் ரோட்டர்ல முதல் காந்தத்த எழுப்புது, பல்ப் பீஸ் ஆனா ஆல்டர்னேட்டர் நல்லா இருந்தும் தூங்கிட்டே இருக்கும். பல்ப் நல்லா இருந்தும் எரியலன்னா கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், இல்ல ரோட்டர் உள்ள கம்பி அறுந்திருக்கும். முன் கவர கழட்டி, பிரஷ தூக்கி, ஸ்லிப் ரிங் ரெண்டுலயும் மீட்டர் வச்சா மூணரை ஓம் பக்கம் காட்டணும். ஒண்ணுமே காட்டலன்னா ரோட்டர் போச்சு.

வேற ஒரு விதமும் இருக்கு, அதுல நிறைய பேர் ஏமாறுவாங்க. வண்டி நிக்கும்போது ரோட்டர் நல்லா அளவு காட்டும், ஓடும்போது சுத்தற வேகத்துல உள்ள அறுந்த முனை விலகி சார்ஜ் நின்னு போகும். லைட் மூவாயிரம் ஆர்.பி.எம்-க்கு மேல மட்டும் லேசா எரியுதுன்னா இத சந்தேகப்படுங்க.

ரோட்டர் நல்லா இருக்குன்னா அடுத்தது டயோடு போர்டு, ஆல்டர்னேட்டர் கரண்ட பேட்டரிக்கு ஏத்த டி.சி-யா மாத்தறது. அது ரப்பர் மவுண்ட்ல தொங்கும், அந்த ரப்பர் அறுந்தா போர்டுக்கு எர்த் போயிடும், இல்லாட்டி போர்டு ஃப்ரேம்ல ஒரசி ஷார்ட் ஆகும். தனியா ஒரு எர்த் ஒயர் போட்டுடுங்க. எல்லாம் சரியா இருந்தா மூவாயிரம் ஆர்.பி.எம்-ல பேட்டரில 14 வோல்ட்ட ஒட்டி காட்டணும்.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யுது, இல்ல மிஸ்ஸிங் அடிக்குது

எது செத்துப் போச்சுன்னு கண்டுபிடிக்க குளிர்ந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷத்துல ரெண்டு சைலன்சர் பைப்புலயும் ஈரத் துணிய லேசா வச்சுப் பாருங்க, சூடாகாத பக்கம்தான். அந்தப் பக்க பிளக்க கழட்டி எஞ்சின்ல தொட வச்சு ஸ்பார்க் பாருங்க. ஸ்பார்க் மஞ்சளா, வலுவில்லாம இருந்தா கார்புரேட்டர் பக்கமே போகாதீங்க.

இதுல மரெல்லி டிஸ்ட்ரிப்யூட்டர், உள்ள ரெண்டு செட் பாயிண்ட், ஒரு சிலிண்டருக்கு ஒண்ணு, ரெண்டு கண்டென்சர், ரெண்டு காயில். அதாவது ரெண்டு தனித்தனி இக்னிஷன் ஒரே டப்பாக்குள்ள இருக்கு. இது நமக்கு பெரிய வசதி: காயில் ஒயர இடம் வலம் மாத்திப் போடுங்க, தொல்லையும் பக்கம் மாறுச்சுன்னா காயில், மாறலன்னா பாயிண்ட் இல்ல கண்டென்சர். பாயிண்ட் ரெண்டு முகமும் தொடற இடம் கறுத்துப் போய் குழி விழுந்து, ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளம்னு இருந்தா கண்டென்சரையும் சேத்து மாத்துங்க, பாயிண்ட்ட மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல அதே கதி. கேப் 0.37-ல இருந்து 0.43 மி.மீ-க்குள்ள. பாயிண்ட் கேப்ப முதல்ல, டைமிங்க அப்புறம், ஏன்னா கேப் மாறினா டைமிங்கும் தானா மாறும்.

டைமிங் பாக்க வலது பக்கம் பெல் ஹவுசிங்ல (கிளட்ச மூடியிருக்கற கூடு) ஒரு ரப்பர் மூடி இருக்கும், அத எடுத்தா ஃப்ளைவீல்ல குறி தெரியும், வலது சிலிண்டருக்கு டி (D) எழுத்து, இடது சிலிண்டருக்கு எஸ் (S) எழுத்து, இத்தாலிக்காரங்க மொழியில வலம் இடம். ஸ்ட்ரோப் லைட் அடிச்சுப் பாக்கும்போது குறி ஒரே இடத்துல நிக்கணும். நிக்காம இங்கயும் அங்கயும் ஆடுச்சுன்னா ரெண்டே காரணம்தான், டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டு புஷ் தேஞ்சிருக்கு, இல்ல முன்னாடி டைமிங் செயின் லூஸ் ஆகியிருக்கு. வி7 ஸ்போர்ட்ல அங்க பல்சக்கரம் இருந்துச்சு, 850-ல செயின் ஆக்கிட்டாங்க, அத தானா இழுத்துப் பிடிக்கற டென்ஷனர் கிடையாது. முன் கவர் கழட்டற நேரம் வந்தா செயின மாத்தி, ஸ்பிரிங் வச்ச டென்ஷனர் ஒண்ணையும் போட்டுடுங்க, ஐட்லிங்ல எஞ்சின் சத்தமே மாறிடும்.

கொஞ்ச தூரம் நல்லா ஓடி அப்புறம் பெட்ரோல் தீந்த மாதிரி நின்னு போகுது, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப எடுக்குதுன்னா நின்ன உடனே டேங்க் மூடிய திறங்க. "புஸ்"னு காத்து உள்ள போச்சுன்னா மூடியில இருக்கற காத்துத் துளை அடைச்சிருக்கு. சத்தம் வரலன்னா அந்த இடத்துலயே ஸ்பார்க் பாருங்க, சூட்டுல காயிலோ கண்டென்சரோ படுத்திருக்கும், ஆறினதுக்கு அப்புறம் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

ஐட்லிங் நிக்கல

டாப்பெட் முதல்ல. குளிர்ந்த எஞ்சின்ல இன்லெட் வால்வ், எக்சாஸ்ட் வால்வ் ரெண்டுக்குமே கேப் 0.22 மி.மீ. சிலிண்டர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறதால ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்தே பண்ணிடலாம். அப்புறம் மேனிஃபோல்டு, காத்து இழுக்குதான்னு கார்ப் கிளீனர லேசா அடிச்சுப் பாருங்க, ஐட்லிங் மாறினா அந்த கேஸ்கெட்தான்.

அதுக்கு அப்புறம்தான் கார்புரேட்டர். டி3-ல டெல்லோர்ட்டோ வி.எச்.பி 30. ஐட்லிங் தடுமாறி, பிளக் ரெண்டும் கறுப்பா, பெட்ரோல் வாசனையும் வந்தா சோக் பிளஞ்சர வெளிய எடுத்து அடியில இருக்கற ரப்பரப் பாருங்க. கல்லு மாதிரி இறுகி, வட்டமா ஒரு தடம் விழுந்திருக்கும், அதனால சோக் மூடினாலும் பெட்ரோல் கசிஞ்சு போய்ட்டே இருக்கும், ஜெட்ட எத்தன தடவ மாத்தினாலும் தீராது. சோக் கேபிள்லயும் கொஞ்சம் ப்ளே இருக்கணும். லெமான்ல வர்ற பி.எச்.எஃப் 36-ல கூடுதலா ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் இருக்கு, பழசானா கிழிஞ்சு கசியும்.

ரெண்டு கார்பையும் வேக்குவம் கேஜ் வச்சு பேலன்ஸ் பண்ணுங்க. மத்த எல்லாம் முடிஞ்சப்புறம், கடைசியா.

பின்னாடி ஆயில் சொட்டுது

பெல் ஹவுசிங் அடியில சொட்டு பாத்த உடனே கியர்பாக்ஸ எறக்கணும்னு பயப்படாதீங்க. எஞ்சின சுத்தமா கழுவி, காய வச்சு, சிலிண்டர் நடுவுல இருந்து பின்பக்கம் வரைக்கும் முகத்துக்குப் போடற பவுடர தூவுங்க. ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளையா இருக்கற பவுடர்ல ஆயில் வந்த வழி கறுப்புக் கோடா தெரியும், அந்தக் கோட்ட மேல மேல தொடர்ந்து போங்க. பெரும்பாலும் அது போய் நிக்கற இடம் ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல மேல இருக்கற பிரீதர் ஹோஸ், எஞ்சின் உள்ள சேர்ற காத்தும் ஆவியும் வெளிய போற குழாய். அந்த ரப்பர் வெயில் சூட்டுல வெடிச்சு, அதுல இருந்து ஆயில் ஆவி வழிஞ்சு, எஞ்சின் முதுகு வழியா எறங்கி பெல் ஹவுசிங் அடியில வந்து சொட்டும், பாக்க அச்சு அசலா கிராங்க் சீல் போன மாதிரியே இருக்கும். ஒரு ஹோஸ், ரெண்டு கிளாம்ப், வேல முடிஞ்சது. கோடு சிலிண்டர் பக்கம் போச்சுன்னா ஹெட்டுக்கு வெளிய போற ஆயில் பைப்போட பேஞ்சோ வாஷர் (பைப் முனை போல்ட்டுக்கு அடியில இருக்கற வாஷர்) இல்ல ராக்கர் கவர் கேஸ்கெட்.

ஆயில் அளவையும் பாத்துக்கணும். டிப் ஸ்டிக்க முழுசா திருகி உள்ள எறக்கித்தான் அளக்கணும். திருகாம மேல வச்சு அளந்தா குறைவா காட்டும், நீங்களும் இன்னும் ஊத்துவீங்க, அப்புறம் அந்த அதிக ஆயில் பிரீதர் வழியா வெளிய வந்துதான் தீரும். எஞ்சின் அடியில ஆயில் தேங்கற சம்ப் மூணு லிட்டர் பிடிக்கும். நான் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழயே நிறுத்திடுவேன்.

பவுடர் சோதனையில மேல எல்லாம் வெள்ளையா, ஆனா ஹவுசிங் அடியில மட்டும் ஈரம்னா அப்பதான் உள்ள. விரல்ல தொட்டு மோந்து பாருங்க, கந்தக வாடை அடிச்சா கியர் ஆயில், கியர்பாக்ஸ் முன் சீல். அந்த வாடை இல்லன்னா எஞ்சின் ஆயில், கிராங்க் பின் சீல். பின் சீல் மாத்தும்போது பின் மெயின் பேரிங் ஃப்ளாஞ்ச் போல்ட்ல கீழ் ரெண்டும் கிராங்க்கேஸ் உள்ள வரைக்கும் துளைச்சுப் போகும், அந்த மரையில சீலன்ட் போடாம மாட்டினா புது சீல் போட்டும் ஒழுகும்.

ஆயில் லைட் அணையல, நீலப் புகை

ஓட்டத்துல ஆயில் லைட் எரிஞ்சா எஞ்சின அந்த நொடியே நிறுத்திடுங்க. பிரஷர் சுவிட்சும் கெடும்தான், ஆனா அத நம்பி ஓட்டக்கூடாது, சுவிட்ச கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு கேஜ் மாட்டி அளந்த பிறகுதான் சுவிட்ச் மேல பழி போடலாம். டி3-ல ஆயில் ஃபில்டர் சம்ப் உள்ள இருக்கு, மாத்த சம்ப எறக்கணும், அதனாலயே நிறைய வண்டில மாத்தாம விட்டிருப்பாங்க. ஃபில்டர் லூசா திருகியிருந்தாலும் பிரஷர் விழும், ஒரு ஹோஸ் கிளாம்ப்ப சுத்திப் போட்டு கழலாம நிறுத்தறது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

அந்த வெள்ளத் துணி விஷயத்துக்கு வரேன். 1970-கள்ல வந்த நிறைய குட்ஸில சிலிண்டர் உள்சுவர் அலுமினியத்து மேல க்ரோம் பூச்சு. வருஷக்கணக்கா நின்னா ஈரம் அடியில எறங்கி அந்த க்ரோம் செதில் செதிலா உரியும். துணியில பளபளன்னு துணுக்கு நின்னா நகத்தால வளைச்சுப் பாருங்க. வளைஞ்சா அலுமினியம், வளையாம படக்குன்னு ஒடைஞ்சா க்ரோமா இருக்க வாய்ப்பு அதிகம். பிளக் துளை வழியா சின்ன கேமரா விட்டு சுவரயும் பாத்துடுங்க, உரிஞ்ச இடம் மங்கலா திட்டு திட்டா தெரியும். தெரிஞ்சா அந்த எஞ்சின ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க. டி3-க்கு முன்னாடி வந்த 850 டி-ல பேப்பர் ஃபில்டரே கிடையாது, வெறும் கம்பி வலைதான், அதுல அந்தச் செதில் நேரா பேரிங்குக்குப் போகும், அப்புறம் கிராங்க்கும் சேந்து போகும். நிகாசில்ங்கற நிக்கல் பூச்சு போட்ட புது சிலிண்டர் பிஸ்டன் செட் கிடைக்குது, மண்டெல்லோலயே இருக்கற கிலார்டோனி பண்றாங்க. விலை அதிகம்தான், ஆனா இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, வண்டி வாங்கற விலை பேசும்போதே இந்தச் செலவ சேத்துப் பேசுங்க.

புகை எப்ப வருதுன்னும் கவனிங்க. ஆக்சிலேட்டர மூடி எறக்கத்துல வந்துட்டு திரும்ப திறக்கும்போது நீலமா கக்குச்சுன்னா வால்வ் கைடு. முழுசா முறுக்கி ஏறும்போது வந்தா ரிங், சிலிண்டர்.

கிளட்ச் வழுக்குது, இல்ல முழுசா விடல

மொதல்ல கேபிள் ப்ளே, லீவர்ல மூணு நாலு மி.மீ இருக்கணும். இருந்தும் வழுக்கினா பிளேட் தேஞ்சிருக்கும் இல்ல ஆயில் பட்டிருக்கும், ட்ரை கிளட்ச்ங்கறதால ரெண்டு சீல்ல எது ஒழுகினாலும் நேரா பிளேட்டுக்குத்தான். கிளட்ச் புடிச்சும் கியர் கடகடன்னு விழுந்தா பிளேட்டு பல்லும் ஹப் பல்லும் ஒண்ண ஒண்ணு வெட்டி பள்ளம் விழுந்திருக்கும். லீவர் இழுக்கும்போது மட்டும் கீச்சுனு சத்தம்னா கியர்பாக்ஸ் பின்பக்க த்ரஸ்ட் பேரிங்.

இங்க டொன்டிக்கு நன்றி சொல்லணும். ஃப்ரேமோட கீழ் கம்பி ரெண்டும் தனியா கழலும். அத எஞ்சினோட, சென்டர் ஸ்டாண்டோட அப்படியே விட்டுட்டு மேல் ஃப்ரேம தூக்கிடலாம், எஞ்சின் தரையில நின்னுக்கிட்டு இருக்கும், கியர்பாக்ஸ பின்னாடி இழுத்துக்கலாம். ரெண்டு பேர் வேணும், ஒயர்களுக்கு டேப் ஒட்டி நம்பர் எழுதிக்குங்க. இவ்வளவு தூரம் வந்துட்டா ரெண்டு சீலையும் மாத்தாம மூடாதீங்க.

பின்பக்கம் "டங்"னு அடி, இல்ல வேகத்துக்கு ஏத்த அதிர்வு

கியர் மாத்தும்போது டங்னு அடிச்சா பின் வீல் ஹப்ல அடிய தாங்கற கஷ் ரப்பரும் அதோட பல்லும் தேஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவ டயர் மாத்தும்போதும் அந்த பல்லுக்கு மாலிப்டினம் கிரீஸ் வைங்க, வைக்காம விட்டா பல்லு கூர்மையா தேஞ்சு ஒருநாள் எஞ்சின் சுத்தும், வீல் சுத்தாது.

அதிர்வு வண்டி வேகத்தோட கூடுதுன்னா, கிளட்ச் புடிச்சு உருட்டினாலும் இருக்குதுன்னா, யூனிவர்சல் ஜாயின்ட். ஸ்விங் ஆர்ம் முன் முனையில ரப்பர் பூட்டுக்குள்ள இருக்கும், கண்ணுக்கு மறைஞ்சிருக்கறதால யாரும் பாக்கறதில்ல. ஓட்டத்துல அது உடைஞ்சா பின் வீல் பூட்டிக்கும், உயிருக்கே ஆபத்து, அதனால புதுசா வாங்கின வண்டில இத ஒரு தடவ கழட்டிப் பாத்துடுங்க. பூட்டுக்குள்ள ஆயில் நின்னா கியர்பாக்ஸ் பின் சீல். பின் டிரைவ்ல கால் லிட்டர்தான் பிடிக்கும், 230 மில்லி கியர் ஆயில், 20 மில்லி மாலிப்டினம் சேர்மானம். அளவு கூடினா இல்ல காத்துத் துளை அடைச்சா வீல் பக்கம் வழியும்.

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி

டி3-ல கால் பெடல் பின் டிஸ்க்கையும் முன் இடது டிஸ்க்கையும் சேத்துப் பிடிக்கும், கை லீவர் முன் வலது மட்டும். ரொம்ப நல்ல ஏற்பாடு, தயவு செஞ்சு பிரிச்சுப் போடாதீங்க. பைப் நீளமா முன்னாடி வரைக்கும் போறதால நடுவுல ஜாயின்ட்ல ஏர் தங்கும். முன் இடது காலிப்பர அவுத்து நிப்பிள் உச்சியில வர்ற மாதிரி தூக்கிப் பிடிச்சு, நிப்பிள் வழியா ஏர வெளியேத்தி பிளீட் பண்ணுங்க (பேட் நடுவுல ஒரு மரத்துண்டு வச்சுடுங்க, பிஸ்டன் வெளிய வந்துடும்). அப்பவும் பஞ்சாவே இருந்தா பெடல அமுக்கி ஒரு கயிறு போட்டு கட்டி ராத்திரி முழுக்க விடுங்க, காலையில திரும்ப பிளீட் பண்ணுங்க, மிச்சம் இருக்கற ஏர் மேல ஏறி வந்துடும்.

முன்பக்கம் குதிக்குது

ஃபோர்க் ஆயில மாத்தி மாத்தி பாக்கறதுல பயன் இல்ல. இதுல டேம்பிங் பண்றது உள்ள இருக்கற சீல் வச்ச கார்ட்ரிட்ஜ், ஃபோர்க்ல ஊத்தற ஆயில் வெறும் லூப்ரிகேஷனுக்கு. கெட்டியான ஆயில் ஊத்தினா எதுவும் மாறாது, கார்ட்ரிட்ஜ மாத்தினாதான் மாறும்.

நின்ன இடத்துல ஆக்சிலேட்டர் முறுக்கினா வண்டி வலது பக்கம் லேசா சாயுதேன்னு கேப்பாங்க. கிராங்க் நீளவாக்குல சுத்துது, அதோட எதிர்வினைதான் அது. அதுல சரி பண்ண ஒண்ணும் இல்ல.